முதுகில் ஏறியவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் மயிலம் பக்கம் கலைப்பிரியா என்றொரு பெண் இருக்கிறாள். அவள் எதிரில் மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

அங்கே மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், நடந்த அகழாய்வில் அவளுக்கு வேலை. பழங்காலப் புதைகுழி ஒன்றில், கல்பலகைகளுக்கு நடுவே, அன்று ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்திருந்தது. கால் எலும்புகள் மட்டும் குச்சி குச்சியாக இருந்தன.

"பொறந்ததுலேர்ந்தே நடந்திருக்க மாட்டான்மா," என்றார் பொறுப்பாளர் ஆனந்தராஜ். "ஆனா நாப்பது வயசு வரைக்கும் இருந்திருக்கான். அந்தக் காலத்துலயும் யாரோ தூக்கிக்கினு திரிஞ்சிருக்காங்க."

கலைப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. நடக்க முடியாத தம்பி தமிழ்மணியைச் சின்ன வயதிலிருந்து முதுகில் சுமப்பவள் அவள். இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. திங்கட்கிழமை அவனைத் திண்டிவனத்தில் ஒரு ஹோமில் சேர்க்க ஏற்பாடு. "அனுப்பாதக்கா" என்று அவன் சோறு இறங்காமல் அழுதுகொண்டிருந்தான்.

பிற்பகலில் திடீரென வானம் கறுத்தது. மழை வருவதற்குள் எலும்புப் பெட்டியை ரோட்டில் நின்ற ஜீப்பில் சேர்க்க வேண்டும். அவள் கை நிறைய வேறு சாமான்கள். பழக்க தோஷத்தில், பெட்டியைத் துப்பட்டாவால் முதுகில் கட்டிக்கொண்டாள்.

மண் அள்ளிக்கொண்டிருந்த முனியம்மாள் பதறிவிட்டாள். "ஐயோ, முதுகுல ஏத்தாதம்மா! தலைல வச்சிக்கினு போ!"

கலைப்பிரியா சிரித்துக்கொண்டே நடந்தாள்.

பாதி வரப்பில் பெட்டி கனத்தது. வெறும் எலும்பு இவ்வளவு கனக்குமா?

சர்... சர்... பின்னால் ஏதோ உரசியது. காற்றாக இருக்கும்.

காற்றே இல்லை.

காதோரம் மூச்சு பட்டது. கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள் இறுகின. அந்தப் பிடி அவளுக்குப் பழக்கம்தான். தம்பி அப்படித்தான் பிடிப்பான்.

ஆனால் இந்தக் கைகள் சில்லிட்டிருந்தன...

ஓடினாள். பெட்டியை ஜீப்பில் இறக்கினாள்.

கனம் இறங்கவில்லை.

பஸ்ஸில் சாய்ந்து உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் தமிழ்மணி வழக்கம்போல் இரு கைகளையும் நீட்டினான். சட்டென்று மடக்கிக்கொண்டான்.

"அக்கா... முதுகுல யாரு?"

மறுநாள் ஆனந்தராஜ் போன் செய்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"நேத்து எடுத்தோமே, அவனுக்கு நேர் கீழ இன்னொரு எலும்புக்கூடும்மா. வயசுப் பொண்ணு. அவளக் குப்புறப் படுக்க வச்சி, முதுகு மேல இவன ஏத்திப் பொதைச்சிருக்காங்க. செத்தப்புறமும் தூக்க ஆள் குடுத்திருக்காங்க பாரு. அவன் மேல எவ்ளோ பாசம்!"

"அவ எப்படி சார் செத்தா?"

அவர் குரல் தாழ்ந்தது.

"வெரலுங்க எல்லாம்... மண்ணப் பிறாண்டிக்கினு இருக்கும்மா."

போனை வைத்துவிட்டுத் தம்பியிடம் ஓடினாள். "உன்ன எங்கயும் அனுப்ப மாட்டேன்டா. நானே வச்சிப் பாத்துக்கிறேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தான்.

"வேணாங்க்கா. என்ன ஹோமுக்கே அனுப்பிடு... நீ என்னத் தூக்க வந்தா, அவரு மொறைக்கிறாரு."