மாட்டாத பதினோரு கதவுகள்

பர்மாவில், யாங்கோனை ஒட்டிய மிங்கலாடோன் பக்கம் ஒரு கட்டடத்துக்குக் கதவு மாட்டும் வேலையை உள்குத்தகைக்கு எடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில், பெரிய காண்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்று செய்தி வந்தது. கூலி போனது போகட்டும், நான் கடனுக்கு வாங்கிய பதினோரு தேக்குக் கதவுகள் மாட்டாமல் உள்ளே கிடந்தன. லாரியோடு போனேன். திருடன் என்று பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

வாசலில் காவல்காரர். வெற்றிலையால் சிவந்த வாய், மடித்துக் கட்டிய லுங்கி. வாசல் தாண்டும் பொருளையெல்லாம் மூங்கில் கம்பால் தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். என் தொப்பையையும் தட்டினார். ஆண்களையெல்லாம் அவர் 'அக்கோ' என்பார்; பர்மிய மொழியில் அண்ணன்.

"ஏன் அக்கோ நடுங்குறீங்க? திருட வந்தீங்களா?"

"என் சாமானைத்தாண்ணே எடுக்க வந்தேன். விடுவாங்களா?"

"செவுத்துல ஏறினது கட்டட மொதலாளியோடது. ஏறாதது உங்களோடது. நோட்டுல எழுதிட்டேன், கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கதவுகளைத் தூக்க ஓடினேன். கடைசிக் கதவும் லாரியில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. முந்தின நாள் அந்தப் பதினொன்றையும் மாட்டப் போனபோது, "மழை வருது அக்கோ, மரம் ஊறிடும், நாளைக்குப் பாருங்க" என்று தடுத்தவர் இவர்தான்.

அன்று யாங்கோனில் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. காண்ட்ராக்டர் ஓடப்போவது அவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.