காலியாகத் தெரிந்த தம்ப் டிரைவ்

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் வீட்டின் ஒரு ரூமை, மதுரையிலிருந்து வேலைக்கு வந்த கவிதாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மெதுவாகிப்போன என் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

போன வாரம் மகளின் கல்யாணப் படங்களை ஆல்பமாக்க உட்கார்ந்தேன். அதற்கான செயலியை, எந்த லினக்ஸிலும் ஓடும் ஃபிளாட்பேக் தொகுப்பாக நானே இன்ஸ்டால் செய்தேன். தம்ப் டிரைவைச் செருகிச் செயலிக்குள் திறந்தால் ஒன்றுமே இல்லை! எங்களிடம் வேறு பிரதியும் கிடையாது.

"டிரைவ் கெட்டுப்போச்சு லா. ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்," என்றார் கணவர். நானும் நம்பி, ஃபார்மேட் பட்டனை அழுத்தப் போனேன்.

"அக்கா, கையை எடுங்க!" தண்ணீர் பிடிக்க வந்த கவிதா கத்தினாள். "ஃபார்மேட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும். படம் பத்திரமாத்தான் இருக்கும். இந்த ஆப் என்னை மாதிரி, தன் ரூமை விட்டு வெளிய வராது. உங்க ஃபிரிட்ஜ்ல என்ன இருக்குன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்?"

செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு டிரைவைப் பார்க்க அனுமதி கொடுத்தாள். திரையில் மகள் மாலையோடு சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்துவிட்டேன். செயலி எதையாவது காட்டவில்லை என்றால், அனுமதி கொடுத்தேனா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஆனால் ஃபிரிட்ஜ் பேச்சு மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. வந்த நாளிலிருந்து அவள் அதைத் திறந்ததே இல்லை, நானும் திறக்கச் சொன்னதில்லை. மறுநாளே நடுத்தட்டை ஒழித்துக் கொடுத்தேன். இப்போது அதில் அவளுடைய தயிரும் கறிவேப்பிலையும் இருக்கின்றன.