டொரன்டோவிலிருந்து காரிமங்கலத்துக்கு எத்தனை மணி நேரம்?

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கடையில் உட்கார்ந்தவன், விமானத்தில் ஏறாமலே எல்லாம் தெரிந்தவன் ஆகிவிடுவான். காரிமங்கலத்தில் மூன்று வருஷமாக நானும் அப்படித்தான். தெரியாது என்று சொல்ல வாய் வராமல் மாட்டிக்கொண்ட மகராசர்களே, என் கதையையும் கேளுங்கள்.

ரெண்டரை மணி நேரம்

முதல் துபாய் டிக்கெட் ஏரியூர்க்காரர் ஒருவருக்கு. பெங்களூரில் பத்து மணிக்கு ஏறணும், துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்கணும். கழித்துப் பார்த்து, "ரெண்டரை மணி நேரந்தாங்க" என்றேன். அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இறங்கியதும் போன் செய்தார்.

"அண்ணா, ரெண்டரை மணி நேரந்தானேன்னு ஒண்ணுக்குக்கூட எந்திரிக்காம உக்காந்திருந்தேங்க. நாலு மணி நேரம் ஆச்சுங்க."

வரும்போது இறக்கம்

துபாயில் மகனைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர், "போறப்ப நாலு மணி நேரம், வர்றப்ப அரை மணி நேரம் கம்மி. ஏன் தம்பி?" என்றார். காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று இப்போது தெரியும். அன்றைக்கு, "நம்ம தொப்பூர் கணவாய் ரோடு மாதிரிங்க, ஒரு பக்கம் ஏத்தம், ஒரு பக்கம் இறக்கம். துபாய்க்கு வர்றப்ப இறக்கம்" என்று சொல்லிவைத்தேன். கடையில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பூகோளம் நடத்துனவன் நான், தம்பி."

தாய்மாமன் மடி

இதைச் சொல்ல இன்னமும் கூசுகிறது. பக்கத்துத் தெரு சுமதி, மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதானே முறை? அதற்காகவே அவள் தம்பி முருகேசன் ஐந்து வருஷம் கழித்து டொரன்டோவிலிருந்து வருகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு முகூர்த்தம், பத்தரைக்கு ஒன்று. "வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துக்கு ஏறுறானாம். ஞாயித்துக்கிழமை காலைலதான் எறங்குவேங்கறான். பத்தரைக்கே வெச்சுக்கலாமாண்ணா?" என்று கேட்டாள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருக்க முடிந்ததா எனக்கு? செல்லில் தட்டினேன். பதிமூவாயிரம் கிலோமீட்டர், நடுவில் விமானம் மாறுவதோடு சேர்த்து இருபத்தொரு மணி நேரம். வெளிநாடு என்றாலே எனக்குத் துபாய்க் கணக்குத்தான், ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டினேன். "உன் தம்பி தப்பா சொல்றாரு. சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கே பெங்களூர்ல எறங்கிடுவாரு. ஆறு மணிக்கே வைம்மா" என்றேன். டொரன்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், அவன் இறங்குவதே ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு. முருகேசன் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பதறிப் போன் செய்வதற்குள் ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாகிவிட்டது.

காதுகுத்துக்குப் போகாமல் இருந்தால் இன்னும் அசிங்கம் என்று போனேன். ஏழரை மணி வரைக்கும் சுமதி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகூர்த்தம் முடிகிறது என்று, ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். எட்டரைக்குக் கார் வந்தது. முருகேசன் பெட்டியைக்கூட இறக்காமல் ஓடிவந்து குழந்தையின் காதைப் பார்த்தான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. பந்தலுக்குப் பின்னால் நழுவப் பார்த்தேன், சுமதி பார்த்துவிட்டாள்.

"சாப்புட்டுப் போங்கண்ணா. நீங்களாச்சும் நேரத்துக்கு வந்தீங்களே."

அன்றிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும் "ஏறுறவரையே கேட்டுக்கங்க" என்கிறேன், இத்தனை வருஷத் தொழிலில் நான் சொன்ன முதல் சரியான பதில் அதுதான்.