வரிசையில் ஒரு பச்சைக் குடம்

ராயப்பேட்டையில் எங்கள் மைக் செட் கடையின் வாசற்படியை ஒட்டி, சிமென்ட் தரையில் ஒரு வட்டத் தடம் இருக்கிறது. பச்சைப் பிளாஸ்டிக் குடம் ஒன்று வருடக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கிய தடம். இப்போது அங்கே குடம் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நின்று, ஆள் திரும்பக்கூட இடமில்லாத கடை இது. ஆனாலும் அந்தத் தடத்தின் மேல் ஒரு வயர்ச் சுருளைக்கூட நான் வைக்கவிடுவதில்லை. வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள், "பாய், இங்க காலியாத்தானே கீது, இந்தப் பொட்டிய இப்படித் தள்ளி வெச்சா இன்னா?" என்பார்கள். "காலி இல்லப்பா, ஆளு கீது" என்பேன். என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அந்தக் குடத்துக்குச் சொந்தக்காரியைக் கடையில் எல்லோரும் குடத்தக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய குடிசைகளில் பிறந்து வளர்ந்தவள். பாட்டு அவளுக்கு எந்த வாத்தியாரிடமிருந்தும் வரவில்லை, தண்ணீர் லாரியிலிருந்து வந்தது. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் வரைக்கும் நிற்கவேண்டும். நிற்கிற வாய் சும்மா இருக்குமா? குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, விரலில் கிடந்த இரும்பு மோதிரத்தால் அதன் அடியில் தட்டிக்கொண்டே, வரிசையில் நிற்கிறவளையெல்லாம் வைத்துப் பாட்டுக் கட்டுவாள். இடையில் புகுந்தவளைப் பற்றி ஒன்று, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளைப் பற்றி ஒன்று, லாரி டிரைவரின் மீசையைப் பற்றி ஒன்று. திட்டு வாங்கியவளே மறுநாள் வந்து, "ஏய், என்னிய வெச்சுக் கட்டுனியே, அத்த இன்னொருக்கா பாடுடி" என்று கேட்பாளாம்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் கரையே இரண்டுபடும். குடத்தை வைத்துவிட்டால் போதும், ஆள் அங்கேயே நிற்கவேண்டியதில்லை. அடுப்பைப் பார்க்கப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரலாம். குடம் நிற்கிற வரைக்கும் அவள் நிற்கிறாள் என்றுதான் கணக்கு. எவ்வளவு பெரிய சண்டைக்காரியாக இருந்தாலும் அடுத்தவள் குடத்தைத் தொட்டு நகர்த்தமாட்டாள். சாவு விழுந்த வீட்டுக் குடத்துக்குக்கூட யாராவது தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் வாசலில் வைப்பார்கள். இதைக் குடத்தக்கா எனக்குச் சொன்னபோது சிரித்தேன். "சிரிக்காத பாய். பட்டா கிட்டா எல்லாம் உங்களுக்கு. எங்களுக்குக் கொடந்தான்" என்றாள்.

நான் அவளை முதலில் பார்த்தது ஒரு சாவு வீட்டில். என் அத்தா வைத்த கடை. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா, தர்கா சந்தனக்கூடு எதற்கும் நாங்கள் குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். அன்று செத்தவர் பந்தலுக்குக் கீழே கிடக்க, அவள் மைக்கைப் பிடித்து அவர் குடித்ததையும் பாடினாள், குடிக்காத நாட்களில் பெண்சாதிக்குப் பூ வாங்கிவந்ததையும் பாடினாள். அழுதுகொண்டிருந்த பெண்சாதி நடுவில் ஒருமுறை சிரித்தே விட்டாள். இத்தனை வருடமாக எத்தனையோ தொண்டைகளை மைக்கில் கேட்டவன் நான். பொய்த் தொண்டை எது என்று எனக்குத் தெரியும். "அக்கா, நம்ம கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் கீது, வந்து பாடுறியா, புடிச்சி வெப்போம்" என்று கேட்டேன்.

சுவரெல்லாம் பழைய பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, ஷட்டரை இறக்கிவிட்டு, பகலில் கடைக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்து அவள் பாட்டுகளைப் பதிவு செய்தோம். பிளாஸ்டிக் குடம் மைக்கில் லேசில் அடங்காது, தொம் தொம் என்று காதை அடைக்கும். அடியில் ஈரத் துணி போட்டு, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. தண்ணீர் தளும்பும் சத்தமும் பாட்டோடு சேர்ந்துகொண்டது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "தண்ணி இல்லாத கொடத்த வெச்சி நா இன்னா பண்றது?" என்றாள். அப்படியே விட்டோம். போனில் ஏற்றினோம், ஜனங்கள் கேட்டார்கள், பரப்பினார்கள். ஆனால் அவள் மனசில் கிடந்த ஆசை வேறு. "சாவுல பாடுனா அழுவுறாங்க. திருவிழால பாடுனா தின்னுக்கினே பேசிக்கினு கீறாங்க. ஒரே ஒரு வாட்டி, சேர் போட்டுக் குந்தி, பாட்டக் கேக்கணும்னே வந்தவங்க முன்னாடி பாடணும் பாய்." பேராசை இல்லை. பாடுகிறவள் எவளும் கேட்கக்கூடிய நியாயம்தான்.

அதற்குள் அரசாங்கம் கரையைக் காலி செய்துவிட்டது. லாரி வந்தது, இந்த முறை தண்ணீர் இல்லாமல். கட்டில், பாத்திரம், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இறக்கிவிட்டார்கள். இவளுக்கு எட்டாவது மாடி. லிஃப்ட் ஒரு நாள் ஓடும், நாலு நாள் படுத்துக்கொள்ளும். பாட வருகிற நாட்களில் குடத்தோடு பஸ் ஏறி, குடத்தோடு மாடி ஏறி அலுத்துப்போய், ஒரு நாள் அதை என் கடை வாசற்படி ஓரம் வைத்தாள். "இங்கியே இருக்கட்டும். ஊருக்குள்ள எனக்குன்னு ஒரு எடம் வேணாமா?" என்றாள். அந்த வாரமே ஒரு பாட்டுக் கட்டினாள்.

"கூரை போச்சு கொடி போச்சு நைனா,
கொடம் வெச்ச எடத்துல நான் கீறேன் நைனா.
ஆறு பாத்து நிக்கிது என் வரிசை,
ஆளு வந்து தள்ளுனா போவேனா நைனா?"

இந்தப் பாட்டு வெளியே வருவதற்கு முன்பே, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சபாவிலிருந்து கூப்பிட்டார்கள். நாட்டுப்புற மாலை என்று ஒரு நிகழ்ச்சி. குளிர்சாதன அரங்கம், குஷன் நாற்காலி. மைக் செட்டும் நம் கடைதான். குடத்தக்கா கடை வாசலில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள், அவ்வளவு சந்தோஷம். ஒத்திகைக்குப் போனோம். சபா செயலாளர் நல்ல மனிதர், இசையில் உயிரையே வைத்திருப்பவர். அவள் சாவுப் பாட்டைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிதாகக் கட்டிய நைனா பாட்டையும் முழுக்கக் கேட்டார். அதனால்தான் அடுத்து நடந்ததை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. உள்ளே போய் ஒரு கண்டாங்கிச் சேலையும், கோலம் தீட்டிய மண்குடம் ஒன்றும் கொண்டுவந்தார்.

"நன்னாப் பாடறேள்மா, சந்தேகமே இல்லை. ஆனா நாட்டுப்புறம்ன்னா ஒரு வயல், ஒரு நாத்து, ஏத்தம் வேண்டாமோ? லாரி, பிளாஸ்டிக்னு பாடிண்டு இருந்தா எடுபடாது. அந்த நைனா பாட்டு வேண்டவே வேண்டாம். சீஃப் கெஸ்ட்டா ஒரு பெரிய ஆபீசர் வரார். புரிஞ்சுப்பேள்னு நினைக்கறேன்."

குடத்தக்கா மண்குடத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "சார், நா நாத்த சினிமாலதான் பாத்துக்கீறேன். கோட்டூர்புரத்துல எங்க சார் வயலு?" என்றாள். அவர் சிரித்தார், ஆனால் சேலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். இந்த மேடை ஒழுங்காக முடிந்தால் மார்கழி முழுக்க மற்ற சபாக்களுக்கும் அவரே சொல்லிவிடுவாராம். முடியாவிட்டால் மயிலாப்பூர் முதல் அடையாறு வரை ஒரு கதவும் திறக்காதாம். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை. பிறந்த ஊரைப் பாட வயல் எதற்கு? ஆறும் லாரியும் சாவு வீடும் இருக்கிற இடத்தில் ஜனங்கள் பாடினால் அது பாட்டு இல்லையா? யார் கொடுத்த தராசு இது?

நிகழ்ச்சி அன்று கண்டாங்கிச் சேலை மடிப்புக் கலையாமல் ஒப்பனை அறையிலேயே கிடந்தது. அவள் தன்னுடைய நைலான் புடவையில், பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடை ஏறினாள். மண்குடத்தை ஓரமாக மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, தன் குடத்தை நட்டநடுவில் வைத்தாள். இரண்டு பாட்டு பாடினாள். அரங்கம் அசையவில்லை. சேர் போட்டு உட்கார்ந்தவர்கள் உண்மையிலேயே கேட்டார்கள். முன் வரிசை மாமி ஒருவர் தாளம் போட்டதை நான் பார்த்தேன். மூன்றாவதற்கு அவள் மோதிரத்தைத் தட்டத் தொடங்கியதும், செயலாளர் பொன்னாடையோடு மேடைக்கு வந்துவிட்டார். மேடைப் பழக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பொன்னாடை போர்த்திவிட்டால் இறங்கியாக வேண்டும். எவ்வளவு பெரிய பாடகரும் அதை மீறமாட்டார். அவரே மைக்கை வாங்கி நன்றி சொல்லி, அடுத்து புல்லாங்குழல் என்று அறிவித்தார். ஆள் மாறும்போது எல்லா மைக்கையும் நிறுத்துவது வழக்கம், நானும் நிறுத்தினேன்.

குடத்தக்கா கீழே இறங்கினாள். குடத்தை எடுக்கவில்லை. புல்லாங்குழல்காரருக்கு விரிக்க வேண்டிய ஜமக்காளத்தோடு ஒரு தொண்டர் வந்து, குடத்தைத் தூக்கக் குனிந்தார். அப்போது பின்பக்கக் கதவோரம் துடைப்பத்தோடு நின்றிருந்த துப்புரவு அம்மா, "ஏம்ப்பா, கொடத்தத் தொடாத!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டாள். அவளும் அதே கரைதான், அதே வரிசைதான். தொண்டர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார், சுட்டதைப் போல. அந்த இடைவெளி போதும். முதல் வரிசைக்கு முன்னால் தரையில் நின்று, பொன்னாடையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, குடத்தக்கா பாட ஆரம்பித்தாள். "கூரை போச்சு கொடி போச்சு நைனா..."

செயலாளர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் ஓடிவந்தார். "மைக்கை அணைங்கோ, அணைங்கோ!"

"எப்பவோ நிறுத்தியாச்சு சார்" என்றேன். "இது அவங்க தொண்டை."

தண்ணீர் லாரியின் இன்ஜின் சத்தத்தை மீறிப் பாடிப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? கடைசி நாற்காலி வரைக்கும் போயிற்று. பெரிய அதிகாரி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சிலர் எழுந்து போனார்கள். போகாதவர்கள் நிறையப் பேர். பாட்டு முடிந்ததும் அவளே மேடை ஏறி, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்கதவு வழியாகப் போனாள். போகும்போது அந்தத் துப்புரவு அம்மாவுக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் போனாள்.

செயலாளர் சொன்னது பலித்தது. எந்தச் சபாக் கதவும் திறக்கவில்லை. அந்த அரங்க வேலை என் கடைக்கும் அதோடு நின்றது. போகட்டும், தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. பாட்டு நிற்கவில்லை. மெத்தை அறையில் புதிது புதிதாகப் பிடித்தோம். கல்லூரிப் பிள்ளைகள் மொட்டை மாடியில் பாயை விரித்துக் கூப்பிட்டார்கள், போனாள். ஒரு பாட்டுக் கம்பெனி, நைனாவை எடுத்துவிட்டு மாமா என்று போட்டுக்கொள்ளலாமா, ஆறு என்பதைக் குளம் ஆக்கலாமா என்று கேட்டது. "ஆத்தக் கொளமாக்குறதுக்கு நா இன்னா கவர்மென்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். எனக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

போன மாதம் ஒரு காலை வந்து, "வா பாய், ஒரு எடத்துக்குப் போவலாம்" என்று குடத்தை எடுத்துக்கொண்டாள். கோட்டூர்புரம் போனோம். அவர்கள் குடிசை இருந்த கரையில் இப்போது கம்பி வேலி, நடைபாதை, வரிசையாக சிமென்ட் பெஞ்சுகள். தண்ணீர் லாரி நின்ற இடத்தில் இருந்த பூவரச மரம் மட்டும் அப்படியே நின்றது. அதன் அடியில் குடத்தை வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் தயங்கினார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "பாத்தியா பாய், சேரெல்லாம் போட்டு வெச்சிக்கீறாங்க" என்று என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள். பாடி முடித்துக் கிளம்பியபோது குடம் மரத்தடியிலேயே இருந்தது. எடுக்கவில்லையா என்று கேட்டேன். "நிக்கட்டும். எவன் நவுத்துறான் பாக்கறேன்" என்றாள். அப்போது அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மனசு கேட்காமல் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பச்சைக் குடம் வைத்த இடத்திலேயே நின்றது. அதன் பின்னால் ஒரு சிவப்புக் குடம். அதற்கும் பின்னால் வாய் உடைந்த நீலக் குடம், ஒரு மஞ்சள், பிறகு அடி நசுங்கிய எவர்சில்வர் ஒன்று. காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "யாரு வந்து வெக்கிறாங்கன்னே தெரியல சார். காலீல வந்து பாத்தா ஒண்ணு கூடிக்கினே போவுது. எடுத்துப் போட்டுடலாமான்னு பாக்கறேன்."

"தொடாதப்பா" என்றேன். "ஆளுங்க நிக்கிறாங்க."

கடைக்குத் திரும்பியபோது, புதிதாக வந்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்று அந்த வட்டத் தடத்தின் மேல் பாதி ஏறி நின்றது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளி வைத்தேன்.