ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காருகிறவர்கள்

சுரண்டைப் பள்ளியில் பிரார்த்தனை வரிசையின் முதல் ஆள் எப்போதும் உமாராணிதான். அவ்வளவு குள்ளம். அந்தக் குள்ளமே தன்னைப் பல நாட்டுக்காரர்கள் நடுவில் பேச வைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பொறியியல் முடித்தவள், சென்னைக்கு அருகே கார்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கார் நேருக்கு நேர் மோதினாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். அதற்கான விதிகளைப் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் அவளுக்கும் இடம் கிடைத்தது. வரைவைப் படித்ததும் ஒன்று உறுத்தியது. ஓட்டுநர் இருக்கையில் வைக்கிற சோதனைப் பொம்மை நடுத்தர உயரமுள்ள ஆண். சிறிய உடம்புப் பெண் பொம்மைக்குப் பக்கத்து இருக்கைதான்.

"உயரம் குறைந்த பெண்கள் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காருவார்கள். ஏர்பேக் விரிய இடமே இருக்காது," என்று கூட்டத்தில் சொன்னாள்.

தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். "அப்படி உட்காருகிறவர்கள் எவ்வளவு பேர்? சாலையில் போய் அளந்தீர்களா?"

அவள் அளக்கவில்லை.

அடுத்த கூட்டம் ஆடி மாதம், அவள் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த வாரத்தில் வந்தது. விஷயத்தைக் கேட்டதும், போலீஸில் வேலை பார்க்கும் மதினி, அவளுடைய அண்ணன் மனைவி ஜோதிலட்சுமி, சட்டென்று எழுந்தாள்.

"ஏட்டி உமா, டேப்பை எடு. சாரல் விழுந்தாச்சு. காரு ஓட்டுத பொம்பளையெல்லாம் குத்தாலத்துக்குத்தான் வருதாவ."

குற்றாலத்தில் கார் நிறுத்துமிடத்தில் முதலில் அகப்பட்டவர் தென்காசி ஜாஹிரா பீவி. வண்டி நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா, சட்டைக்கா அளவு எடுக்கே?"

"இல்லக்கா. நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் எவ்வளவு தூரம்னு பாக்கேன். சீட்டை இன்னும் பின்னால தள்ளலாம்லா?"

"தள்ளுனா பிரேக்கு எட்டாதுல்லா! அவுக துபாய்ல இருக்காக. இத்தன பேரையும் வேற யாரு கூட்டிட்டு வருவா?"

காரணத்தைக் கேட்டதும் ஜாஹிரா பீவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அருவிக்குப் போவதை மறந்து, கார் ஓட்டி வந்த பெண்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "ஏட்டி ஆஷிகா, இங்கன வா, ஒன்னையும் அளக்கட்டும்!" ஈரத் தலையோடு ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவரையும் அவரவர் கார் இருக்கையில் உட்கார வைத்து, தூறலில் டேப் வழுக்க வழுக்க உமாராணி அளந்தாள். போலீஸ் குரலில் வரிசையை ஒழுங்குபடுத்தினாள் மதினி.

இரவு அங்கேயே தங்கிய உமாராணி, மறுநாள் மதியம் குற்றாலத்து லாட்ஜ் அறையிலிருந்தே இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்தாள். அருவியின் இரைச்சல் மைக்கில் புகுந்தது. "அங்கே என்ன, தொழிற்சாலையா?" என்று ஒருவர் கேட்டார். "அருவி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அளவுகளையும் படங்களையும் காட்டினாள். ஒரே ஊர்க் கணக்கு போதாது என்று இருவர் மறுத்தார்கள். அப்போது வேறொரு நாட்டுப் பெண் நிபுணர் சொன்னார்: "நானும் அப்படித்தான் உட்காருகிறேன். எங்கள் ஊரிலும் அளக்கிறேன்."

சிறிய பொம்மையை ஓட்டுநர் இருக்கையில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டே முடிவெடுப்பது என்று குழு ஒப்புக்கொண்டது.

முதல் சோதனை அவளுடைய கூடத்திலேயே நடந்தது. பொம்மைக்கு அவளே பெல்ட் மாட்டினாள். மோதியதில் பொம்மையின் நெஞ்சு வாங்கிய அடி வரம்பைத் தாண்டியிருந்தது. மற்ற நாடுகளிலும் அதே முடிவு வர, சிறிய பொம்மையை ஓட்டுநர் இருக்கையிலும் வைத்துச் சோதிக்கச் சொல்லும் புதிய பிரிவு ஒன்று வரைவில் ஏறியது. செய்தி வந்ததும் மதினிக்குத்தான் முதலில் போன் போட்டாள். மறுமுனையில் அவள் அடித்த விசிலில் போலீஸ் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்ததாம்.