கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்ற அப்பா

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நான் என் அப்பாவைக் கொன்றேன். கத்தி, பொல்லு எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவின் டச் போனில் முப்பது செக்கன் குரல் பதிவு ஒன்று போதுமாக இருந்தது. கொன்று முடித்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அன்று காலை அப்பா எனக்கென்று பொறுக்கி வந்திருந்த விளாம்பழத்தை உடைத்துச் சீனி போட்டுத் தின்றேன். நான் செய்த முட்டாள்தனங்களுக்குள் முதலாம் இடம் இதற்குத்தான். இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி பலமாக இருக்கிறது.

கொலைக்குக் காரணம் ஒரு சைக்கிள். எங்கள் வீடு துணுக்காய்க்கு அப்பால் வயல்கரையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை மல்லாவியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஐந்தாறு கிலோமீற்றர் தூரம். தினமும் அப்பா தன் பழைய சைக்கிளின் முன் பாரில் துவாயை மடித்துப் போட்டு, அதில் என்னை இருத்தி மிதித்துக்கொண்டு போய் இறக்குவார். பிறகு திரும்பி மிதித்து வயலுக்குப் போவார். மத்தியானம் மறுபடியும் வருவார். அவருக்கு அது எத்தனை மிதி என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எனக்கு இருந்த கவலை வேறு. என்னைப் பாரில் கண்டதும் பள்ளிக்கூடப் படலையடியில் நிற்கும் பெடியள் கத்துவார்கள்: "பார்சல் வந்திட்டுது! ஆராவது கையெழுத்துப் போட்டு எடுங்கோடா!"

அந்த நாட்களில் வன்னி முழுவதும் ஒருவர் மேல் பைத்தியமாக இருந்தது. அவர் பெயரை எழுதமாட்டேன். பயத்தால் அல்ல, எழுதினால் அதைத் தேடிப் பிடித்து இன்னும் நாலு பேர் அவருடைய வீடியோவைப் பார்ப்பார்கள் என்ற எரிச்சலால். எல்லோரும் அவரை 'அண்ணா' என்றே சொன்னோம், என் அம்மா உட்பட. கமராவோடு ஏழை வீடுகளைத் தேடிப் போவார். படலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, "இது எனக்குக் கோயில்" என்று சொல்லி உள்ளே வருவார். வெறுந்தரையில் இருந்து அந்தச் சனத்தின் சோற்றை ஒரு வாய் வாங்கிச் சாப்பிடுவார். கடைசியில் சைக்கிளோ தையல் மெசினோ ஆட்டுக்குட்டியோ கொடுப்பார். அந்த அம்மா அழத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "அழாதேங்கோ அம்மா, உங்கட பிள்ளை நான் இருக்கிறன்" என்பார். அந்த இடத்தில் ஒரு வயலின் வரும். நானும் வந்துவிடுவேன், கண்ணீரோடு. 'நான் விரும்பும் பெரியார்' என்ற கட்டுரைக்கு வகுப்பில் மற்றவர்கள் காலமானவர்களை எழுத, நான் அவரை எழுதினேன். ரீச்சரும் அவருடைய ஆள்தான். வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்கு.

எல்லா வீடியோக்களையும் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. சைக்கிள் கிடைத்த பிள்ளைகள் ஒருவருக்கும் அப்பா இல்லை. எனக்கோ ஒருவர் இருந்தார், அதுவும் நல்ல தேகசுகத்தோடு. அதனால்தான் அவருக்கு நான் அனுப்பிய அந்தக் குரல் பதிவு: "அண்ணா, எனக்கு அப்பா இல்லை. செத்துப்போனார். அம்மா மட்டும்தான். பள்ளிக்கூடம் சரியான தூரம்." கவனித்துக் கேட்டால் பின்னால் விறகு கொத்தும் சத்தம் விழுந்திருக்கும். கொத்திக்கொண்டிருந்தவர் காலமானவர்.

இரண்டு கிழமையில் அம்மாவின் போனுக்குத் தகவல் வந்தது. சனிக்கிழமை வருகிறார்களாம்.

"எங்கட வீட்டையோ? ஏன், எங்களுக்கென்ன குறை?" என்றார் அப்பா.

"பள்ளிக்கூடத்தில பேர் குடுத்தவை" என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதவி கொடுக்க வருகிறவர் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. விருந்தாளி வருகிறார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையே முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தாயிற்று. வருகிறவர்கள் இருக்க, நாலு வீட்டில் நாலு கதிரை இரவல் வாங்கினார். சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை. சனிக்கிழமை விடிய, முட்டையிடுகிற பேட்டுக்கோழி ஒன்றைப் பிடித்துக் குழம்பு வைத்தார். நல்ல சாறி கட்டிப் பொட்டு வைத்து நின்றார். அப்பா கலியாண வீட்டுச் சேட்டைப் போட்டுக்கொண்டார்.

வெள்ளை வான் வந்து நின்றது. பின்கதவால் சைக்கிள் ஒன்றின் ஹாண்டில் தெரிந்தது. அப்பாதான் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தார். "வாங்கோ தம்பி, வாங்கோ. நான்தான் இவன்ர தேப்பன்."

கை கூப்பப் போன அண்ணாவின் கைகள் பாதி வழியில் நின்றன. இப்போது என் காதைப் பிடிக்கப் போகிறார், "பொய் சொல்லுறது பிழையெல்லோ தம்பி" என்று புத்தி சொல்லப் போகிறார், அதையும் வீடியோவாக எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். பெரியார் அல்லவா. அவர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கமராக்காரப் பெடியனிடம் திரும்பி, "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்றார்.

எனக்கு இன்றைக்கும் கொதிப்பது அந்த ஒரு சொல்லில்தான். பொய் சொன்னவனுக்குப் பதினொரு வயது. அதைச் சமாளித்தவருக்கு முப்பது இருக்கும்.

கமராக்காரர் அப்பாவின் தோளில் கைபோட்டுக் கோழிக்கூட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் போனை ஒரு முப்பது செக்கன் அப்பாவின் காதோடு வைத்துப் பிடித்தார். ஏதோ வீடியோ கேட்கக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். என் கண் வானில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த சைக்கிளில் இருந்தது. நீல நிறம். சீற்றில் பொலித்தீன் கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா என்னிடம் வந்தார்.

"வடிவான சைக்கிள் என்ன?"

"ஓமப்பா!"

என் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார். பிறகு தானாகவே நடந்துபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு மறையத் தொடங்கியது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு கமராவில் விழக்கூடாது என்றார்கள். அம்மா சமைக்கிற ஓலை போட்ட குசினிதான் அன்றைக்கு எங்கள் வீடு. நாலு நிறக் கதிரைகளும் பின்பக்கம் போயின. கோழிக்கறிச் சட்டியை மூடச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக ஒரு கோப்பையில் வெறுஞ்சோறும் சம்பலும் வந்தன. என் சேட்டில் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றச் சொன்னார்கள். நான் மூன்றாவதையும் கழற்றினேன். அண்ணாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று.

பிறகு அண்ணா கமராக்காரரைப் பார்த்துத் தன் நெற்றியில் ஒரு விரலை வைத்துத் துடைத்துக் காட்டினார். வாய் திறக்கவில்லை. அந்த வேலைகளுக்கு அவர் வாய் திறப்பதில்லை போலும். கமராக்காரர்தான் சொன்னார்.

"அம்மா, அந்தப் பொட்டை மட்டும் ஒருக்கா எடுத்துவிடுங்கோ. வீடியோ முடிய வைக்கலாம்தானே."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்தது. "மனுசன் உயிரோட நிக்கேக்கையோ?" என்றார். "ஆர் உங்களுக்கு இவர் இல்லையெண்டு சொன்னது?"

முந்திக்கொண்டு பதில் சொன்னவன் நான். "வேற வீட்டோட மாறிப்போட்டினம் அம்மா."

அம்மா கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூட்டுக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது.

"துடையும். பொட்டுத்தானே."

சாறித் தலைப்பால் அம்மா நெற்றியைத் துடைத்தார். சிவப்பு அழியாமல் இழுபட்டது. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தார். கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை அவரே சட்டைக்குள் தள்ளிவிட்டார்.

அண்ணா செருப்பைக் கழற்றினார். "இது எனக்குக் கோயில்." வந்து தரையில் இருந்தார். "ஐயா எப்பம்மா இல்லாமல் போனவர்?" கூட்டுக்குப் பின்னால் இல்லாமல் போனவர் இருமினார். "திருப்பி எடுப்பம்." இரண்டாம் முறை ஒரு பேடு முட்டையிட்ட சந்தோசத்தில் கொக்கரித்தது. மூன்றாம் முறை அம்மாவின் கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. நிற்கவேயில்லை. எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று பெருமைப்பட்டேன். அண்ணா குரலைத் தாழ்த்தினார்.

"அழாதேங்கோ அம்மா, உங்கட பிள்ளை நான் இருக்கிறன்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வசனத்தை நேரில் கேட்கிறேன். உடம்பெல்லாம் புல்லரித்து விம்மி விம்மி அழுதேன். அந்த அழுகைதான் வீடியோவின் முகப்புப் படமானது. 'தந்தையை இழந்த சிறுவனின் கண்ணீர்.' மூன்று பொத்தானும் திறந்தபடி.

அம்மாவின் கையால் சம்பற்சோறு ஒரு வாய் வாங்கிக்கொண்டதோடு வேலை முடிந்தது. கமரா அணைந்ததும் அண்ணா செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பினார். மூக்கை உறிஞ்சினார். "கோழி மணக்குது போல?"

கதிரைகள் திரும்பி வந்தன. சட்டி திறந்தது. அப்பா தலையில் கோழி இறகு ஒன்றோடு வெளியே வந்தார். அம்மா உள்ளே போய்விட்டதால் அவர்தான் பரிமாறினார். செத்துப்போன மனிதர், தனக்காக இப்போதுதான் துக்கப்பட்டவருக்குத் தொடைக்கறியைப் பார்த்துப் பார்த்து வைத்தார். "இன்னும் கொஞ்சம் போடட்டே தம்பி?" அண்ணா வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடிய அப்பாதான் கைக்குத் தண்ணீரும் வார்த்தார்.

வீடியோ ஓடியது. தெய்வம் அண்ணா, கடவுளை நேரில் கண்டோம், இவர் போல ஒருவர் போதும் என்று கீழே எழுதிக் குவித்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு கனடாவில் இருந்து பெரியப்பா போனில் கூப்பிட்டார். அப்பாவின் சொந்தத் தமையன். அழுகிற குரலில், "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் விட்டிட்டியளே" என்றார்.

போனை எடுத்தவர் அப்பா. "அண்ணை, நான்தான் கதைக்கிறன்."

அந்தப் பக்கம் இருந்து வந்த சத்தத்தில் போனைக் காதில் வைக்க முடியவில்லை. தம்பி செத்துப்போனான் என்று பெரியப்பா துடக்குக் காத்திருக்கிறார். மீன், இறைச்சி தொடவில்லை. வருசத்துக்கு ஒருமுறை வரும் தேருக்கும் கோயில் பக்கம் போகவில்லை. "தேரடா! தேருக்கும் போகாமல் இருந்தனான்!" அப்பா செத்ததற்கு அவர் பட்ட துக்கத்தைவிட, சாகாததற்குப் பட்ட கோபம் பெரிதாக இருந்தது. அப்பா மன்னிப்புக் கேட்டார், உயிரோடு இருந்ததற்கு.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அம்மா ஒரு தடவை போன் பண்ணினார். "அது நல்லா ஓடுது அம்மா. அதைப் பாத்துத்தான் மற்றச் சனத்துக்கும் உதவி வருது" என்றார் கமராக்காரர். அது பொய்யாகவும் இருக்காது. சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். உயர்தரம் முடியும்வரை அதில்தான் போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் வேண்டியதை மட்டும் காட்டுகிற அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் வீடியோ இன்றைக்கும் கிடக்கிறது. அதில் என் அம்மா வெறும் நெற்றியோடு அழுதுகொண்டே இருக்கிறார். அன்றிலிருந்து அவர் வைக்கும் பொட்டு ஒரு ரூபாய்க் குற்றியளவு ஆகிவிட்டது.

இப்போது நான் வவுனியாவில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். திருத்த வருகிற போன்களில் பாதியில் அவர் முகம் சிரிக்கிறது. போன மாதம் மல்லாவியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவை நேரலையில் பார்த்தேன். பிரதம விருந்தினர் அவர்தான். மாலை, பொன்னாடை. எனக்குப் புள்ளி போட்ட அதே ரீச்சர் மைக்கைப் பிடித்து, "கறையில்லாத மனிதர், பிள்ளைகள் இவரைப் பார்த்துப் படிக்க வேண்டும்" என்றார். திருத்திக்கொண்டிருந்த போனின் கண்ணாடி என் கையிலேயே வெடித்தது.

விழாவுக்கு அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் போகாததுமாகத் தொடங்கிவிட்டேன். அப்பா முற்றத்தில் அந்த நீலச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர்தான் அதில் வயலுக்குப் போகிறார்.

"என்ன மனுசனப்பா அவன்? உயிரோட நிண்ட உங்களைச் சாக்காட்டி, அம்மான்ர பொட்டை அழிச்சு, எங்கட கோழியையும் திண்டிட்டுப் போனவன், இண்டைக்குப் பொன்னாடை போடுறான்! நான் விடமாட்டன். எல்லாத்தையும் எழுதப்போறன். உங்களைச் சாக்காட்டினது ஆரெண்டு ஊருக்கு விளங்கட்டும்!"

அப்பா ரியூப்பைத் தண்ணீர் வாளிக்குள் அமத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. எடுத்துத் துடைத்தார். நிமிராமலே சொன்னார்.

"முதல் என்னைச் சாக்காட்டினது நீயெல்லோடா."