கைமாற்றாகக் கொடுத்த பார்ட்டி

டெல்மர் ஹட்டோவுக்கு அந்த ஜனவரி முழுக்க வயிறு எரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிற காப்பிதான் காரணம் என்று அவன் மனைவி நோரீன் சொல்லிக்கொண்டிருந்தாள். காப்பியாம் காப்பி. எங்கள் சொகலோஸ்கித் தீவில் படகு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அது மிஸ் ஆர்டிஸால் வந்த எரிச்சல் என்று.

டெல்மர் இந்தத் தீவிலேயே பிறந்தவன். அப்பாவோடு மடவை மீனுக்கு வலை போட்டு வளர்ந்தான். புளோரிடாவில் வலைக்குத் தடை வந்தபோது ஆறு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு வலைப்படகை விற்றுத் தலைமுழுகிவிட்டு, முழங்கால் தண்ணீரிலும் மிதக்கிற தட்டைப் படகு ஒன்றை வாங்கினான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிறவர்களை அலையாத்திக் காட்டுக்குள் தூண்டில் போட அழைத்துப் போகும் கைடு ஆனான். நல்ல கைடு, அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. அதை அவனே தினம் நாலு பேரிடம் சொல்லிவிடுவதால் மற்றவர்கள் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அவனுடைய வாடிக்கைப் பார்ட்டிகளில் மிஸ் ஆர்டிஸ் லுண்டீன்தான் தலைப்பார்ட்டி. கல்யாணமான பெரிய அம்மாளையும் இங்கே மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மின்னசோட்டாக்காரர். அங்கே ஏரியெல்லாம் உறைந்து கல்லாகிக் கிடக்கும் மாதத்தில் புருஷனோடு இங்கே வந்து இறங்குவார். புருஷன் வெர்ன் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படகில் தூங்குவார். இவர் தூண்டில் போடுவார். வெர்ன் செத்துப்போன பிறகும் வருவது நிற்கவில்லை. டெல்மர் அந்த அம்மாளைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். தூண்டிலில் இறால் கோத்துக் கொடுப்பது அவன். மீனைக் கழற்றுவது அவன். ஆரஞ்சுப் பழத்தைக்கூட உரித்துத்தான் கையில் கொடுப்பான். "எனக்கு என்னிக்காவது ஒரு ஆரஞ்சு உரிச்சிருக்கியா?" என்று நோரீன் கேட்டால், அது தொழில் என்பான். தொழிலுக்காக யாரும் அப்படிப் பூரிக்க மாட்டார்கள்.

யாருக்கும் காட்டாத ஓர் இடத்தை அவருக்கு மட்டும் காட்டியிருந்தான். வாடைக்காற்று அடித்துக் குளிர் இறங்கினால், வெளிக்கடல் ஓரத்து ஸ்னூக் மீன்கள் உள்ளே உள்ளே வந்து, கறுப்புச் சேறு படிந்த சின்னக் குட்டைகளில் வெயில் காயும். கொடுவா மீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் மீன், குளிர் மட்டும் ஆகாது. அப்படி ஒரு குட்டை, ஒரு படகு மட்டுமே நுழைகிற ஓடைக்குப் பின்னால் இருந்தது. டெல்மர் தானே கண்டுபிடித்தது. மூச்சு விடமாட்டேன் என்று மிஸ் ஆர்டிஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

இங்கே கைடுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் பார்ட்டியை இன்னொருத்தன் தொடக் கூடாது. உடம்புக்கு முடியாமல் போனால் பார்ட்டியைக் கைமாற்றாகக் கொடுக்கலாம். வாங்கியவன் அடுத்த சீசனில் அப்படியே திருப்பிவிட வேண்டும், தன் போன் நம்பரைக்கூடக் கொடுக்கக் கூடாது. போன குளிர்காலத்தில் டெல்மருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மிஸ் ஆர்டிஸைத் தன் பழைய கூட்டாளி எம்மெட் ரேபர்னிடம் கைமாற்றாகக் கொடுத்தான். எம்மெட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவன் நல்ல கைடு, ஆனால் வாயில் கொழுக்கட்டை. ஒரு நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனோடு இரண்டு நாள் போனால் அந்த அம்மாளுக்கு நம் அருமை தெரியும் என்பது டெல்மரின் கணக்கு.

கணக்கு தலைகீழாகப் போயிற்று. இந்த டிசம்பரில் மிஸ் ஆர்டிஸே போன் செய்தார். "தப்பா நினைச்சுக்காதே டெல்மர். இந்த வருஷமும் எம்மெட்டோட போகலாம்னு இருக்கேன். உன்கிட்ட கேக்காம அவன் ஒத்துக்க மாட்டேங்கறான்" என்றார்.

"அதுக்கென்ன, தாராளமாப் போங்க. எனக்கும் இந்த சீசன்ல மூச்சு விட நேரமில்லை" என்று டெல்மர் சொன்னான். போனை வைத்துவிட்டு, அதே இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த நோரீன், யார் செத்தது என்று கேட்டாள்.

அன்றைக்குப் பிடித்ததுதான் எரிச்சல். மிஸ் ஆர்டிஸ் வந்து இறங்கியதும் அது குடலைப் பிடுங்குகிற அளவுக்குப் போனது. காலையில் துறையில் எம்மெட்டின் படகில் அந்த அம்மாள் ஏறும்போது டெல்மர் தன் மோட்டாரைத் துடைப்பது போலக் குனிந்துகொள்வான். சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது மறுபடியும் அதே மோட்டாரைத் துடைப்பான். ஒரு மோட்டாரை எத்தனை தடவைதான் துடைப்பது? கடையில் வறுத்த மடவையும் சோளக் கஞ்சியும் தின்றுகொண்டிருந்த மற்ற கைடுகள் வேண்டுமென்றே எம்மெட்டின் அன்றைய மீன் கதையை எடுத்துவிடுவார்கள். டெல்மர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவான். எம்மெட் நல்லவன், சிறு வயதுச் சிநேகிதன், வலைத் தடை வந்தபோது வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து போட்டவன். அதெல்லாம் டெல்மருக்கு மறக்கவில்லை. மறக்காததால் எரிச்சல் இன்னும் கூடத்தான் செய்தது. ஆகாதவன் ஒருத்தன் தட்டிப் பறித்திருந்தால் துறையிலேயே சட்டையைப் பிடித்திருக்கலாம்.

மாதக் கடைசியில் வாடை சுழன்றடித்துக் குளிர் இறங்கியது. டெல்மரின் பார்ட்டி, குளிரில் வர முடியாதென்று அறையிலேயே படுத்துவிட்டது. மின்னசோட்டாக்காரருக்கு இதெல்லாம் ஒரு குளிரா? எம்மெட்டின் படகு எப்போதும் போலக் கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து, நண்டுப் பொறிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டெல்மரும் கிளம்பினான்.

"பொறி பாக்கப் போறவனுக்கு பைனாகுலர் எதுக்கு?" என்றாள் நோரீன்.

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். ஒரு கைடு இன்னொரு கைடின் பின்னால் காட்டுக்குள் போவது எங்கள் தீவில் திருட்டுக்குச் சமம். அது டெல்மருக்குத் தெரியாதா? தெரியும். வெகு தூரம் விட்டு, அவர்களுடைய மோட்டார் சத்தம் காற்றில் வந்த திசையை வைத்தே போனான். முதல் குடா, இரண்டாவது குடா, பிறகு சத்தம் இடது பக்கம் திரும்பியது. இடது பக்கம் திரும்பினால் போவதற்கு ஒரே இடம்தான் உண்டு.  டெல்மரின் குட்டைக்குப் போகிறார்கள்.

அவன் ஓடை வழியாகப் போகவில்லை. குட்டைக்குப் பக்கத்தில் ஆழமில்லாத ஒரு விரிந்த குடா இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அலையாத்திகள் ஒரு வேலி அளவுக்குத்தான், அதிலும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றி அந்த வேலி ஓரம் போய்ச் சேர்ந்து, பைனாகுலரைக் கண்ணில் வைத்தான்.

எம்மெட்டின் படகு குட்டையின் நடுவே நின்றது. வாக்குக் கொடுத்த வாயால் காட்டிக் கொடுத்துவிட்டாளே என்று முதலில் அந்த அம்மாள் மீது ஆத்திரம் வந்தது. அடுத்த நொடி கண்ணாடியை இன்னும் திருகிப் பார்த்தான். மோட்டாருக்கு மேலே கைடு நிற்கிற மேடையில், கையில் கழியோடு நின்றது எம்மெட் இல்லை. மிஸ் ஆர்டிஸ். எழுபதை நெருங்குகிற மனுஷி, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கால்களை அகட்டி நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தார். எம்மெட் முன்னால் பார்ட்டி உட்காருகிற இடத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான்.

படகு பக்கவாட்டில் திரும்பி ஒரு சிப்பித் திட்டில் உரசியது. எம்மெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தானே கழியை எடுத்து மறுபக்கம் ஊன்றிச் சரிசெய்தார். பிறகு கழியின் நுனியால் எங்கேயோ காட்டினார். எம்மெட் அங்கே வீசினான். தண்ணீர் பிளந்து மீன் ஏறியது. மிஸ் ஆர்டிஸ் மேடையிலேயே ஒரு குதி குதித்தார்.

டெல்மரின் படகில் அவர் ஒருநாளும் குதித்ததில்லை. கழியைத் தரச்சொல்லி ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறார். டெல்மர் சிரித்துவிட்டு, விழுந்து கிழுந்து வைத்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது என்பான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துக்கொண்டான். வேறொருவன் படகில் ஏறியதைக்கூடப் பொறுத்திருக்கலாம். தன் படகில் கிடைக்காத சந்தோஷம் அங்கே கிடைத்ததைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. புண்ணைச் சொறிகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான்.

எவ்வளவு நேரம் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. படகு ஆடவில்லை என்பது முதலில் உறைத்தது. பைனாகுலரை இறக்கிக் குனிந்து பார்த்தால், படகைச் சுற்றி நாரைகள் நடந்துகொண்டிருந்தன. தண்ணீரில் இல்லை, சேற்றில்.

வாடை பலமாக அடிக்கிற நாளில் கடல் ஏற்றமாவது வற்றமாவது, எந்த அட்டவணையும் செல்லாது. காற்று உள்குடாத் தண்ணீரை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். இதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் டெல்மர். அவன் படகு இப்போது கறுப்புச் சேற்றில் உட்கார்ந்திருந்தது. இறங்கித் தள்ளினால் இடுப்பு வரை புதைய வேண்டியதுதான். கழியை ஊன்றித் தம் கட்டிப் பார்த்தான். கழி சேற்றை விட்டு வெளியே வந்தபோது ஒரு சத்தம் எழுந்தது. நாகரிகமான சத்தம் இல்லை. குட்டையில் இருந்த இரண்டு தலைகளும் திரும்பின.

அந்தப் படகு வந்தது. மிஸ் ஆர்டிஸ்தான் ஊன்றி வந்தார். வேலியின் இடைவெளியில் தண்ணீர் முடிகிற இடத்தில் நிறுத்தினார். நடுவில் ஒரு வீட்டு முற்றம் அளவுக்குச் சேறு.

டெல்மர் எம்மெட்டின் மேல்தான் பாய்ந்தான். "என் இடத்துக்குள்ள யாரைக் கேட்டுடா நுழைஞ்சே?"

"அவனைத் திட்டாதே" என்றார் மிஸ் ஆர்டிஸ். "ஓடை வாசல்லயே வேண்டாம்னான். இது டெல்மர் இடம், நான் வரமாட்டேன்னான். கழி என் கையில இருந்துச்சு. நான்தான் உள்ள ஊனிக்கிட்டு வந்தேன். யாருக்கும் சொல்லமாட்டேன்னு உன்கிட்ட சொன்னேன். அதை மீறினது தப்புதான்."

டெல்மருக்கு ஆத்திரம் இறங்கி, அடியில் கிடந்த ஆதங்கம் மேலே வந்தது. "நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன், மிஸ் ஆர்டிஸ்?"

"ஒண்ணும் குறை வைக்கலை. இப்ப வீசுங்க, இப்ப இழுங்க, இழுக்காதீங்க, கொஞ்சம் விடுங்கன்னு நீ சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். மீன் நிறையத்தான் வந்துது. அதுல எது நான் பிடிச்சது, எது நீ பிடிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. பனியில ஸ்கூல் பஸ் ஓட்டியே ரிட்டையரானவ நான். ஒரு கழி பிடிக்க வராதா எனக்கு?"

காற்று சத்தமாக அடித்தது. எம்மெட் தன் தண்ணீர் பாட்டிலையும் ரொட்டிப் பொட்டலத்தையும் டெல்மரின் படகுக்குள் குறிபார்த்து எறிந்தான்.

"எனக்கு வயிறு எரியுது" என்றான் டெல்மர். அதைச் சொல்வதற்கு அவன் வெட்கப்படவில்லை. "உங்களை அவன் படகுல பாக்கப் பாக்க எனக்குத் தாங்கலை. நாளைக்கு என்னோட வாங்க. கழி உங்க கையில. நான் முன்னால உக்காந்து வாயைத் திறக்க மாட்டேன்."

 மிஸ் ஆர்டிஸின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா?"

"சத்தியமா."

"அப்ப சரி. நாளைக்கு உன்னோட வர்றேன்."

டெல்மருக்கு ஒரு மாதமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. தண்ணீர் இன்னும் இறங்குது, கிளம்பலாம் என்று எம்மெட் முனகினான். சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் வந்து பார்ப்பதாக டெல்மரிடம் சொன்னான். அவன் முகத்திலும் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. மிஸ் ஆர்டிஸ் படகைத் திருப்பக் கழியை எடுத்தார்.

"அங்க ஊனாதீங்க, அங்க சேறு இழுக்கும்" என்றான் டெல்மர். "வலது பக்கம், வலது பக்கம். இடது கையை இன்னும் மேல கொண்டு போங்க. முழங்காலை மடிச்சுக்கங்க. ஐயோ, சாய்க்காதீங்க, நேரா. நேரா பிடிச்சு, பின்னால தள்ளி, இப்ப இல்ல, நான் சொல்றப்ப..."

அவர் கழியை அசைக்காமல் நின்று, கடைசி வார்த்தை வரை கேட்டார். எம்மெட் தன் தூண்டில் முள்ளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அசையவில்லை என்பது டெல்மருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. வாயை மூடினான்.

"நாளைக்கு வேண்டாம், டெல்மர்" என்றார் மிஸ் ஆர்டிஸ். குரலில் கோபமே இல்லை. "நான் எம்மெட்டோடவே போயிக்கறேன்."

ஊன்றக் கூடாதென்று அவன் சொன்ன இடத்திலேயே ஊன்றினார். கழி ஒரு தடவை மாட்டியது. ஆட்டி எடுத்தார். படகு திரும்பி ஓடைக்குள் நழுவிப் போயிற்று.

தண்ணீர் திரும்பி வரச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை டெல்மர் சேற்றின் நடுவே ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்வதற்கு அவனிடம் இன்னும் நிறைய இருந்தது, ஆனால் கேட்க ஆள் இல்லை.